நண்பகல் முதல் இரவு பதினொன்றரை வரை: மில்லர் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

615 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். 1990 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகர மகளிர் மருத்துவமனை ஒன்றில் இரவு 11.30 மணிக்குப் பிறந்த பெண் குழந்தையின் எடை அது. கர்ப்பம் ஏறக்குறைய 23 வாரம்தான் ஆகியிருந்தது. குறித்த தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அன்று நண்பகலிலேயே பெற்றோர் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள். குழந்தையைக் காப்பாற்றப் பெரும் முயற்சிகள் எதுவும் வேண்டாம், இயற்கை அதன் போக்கில் போகட்டும் என்றார்கள். முடிவெடுக்கச் சொல்லிக் கேட்டதே மருத்துவர்கள்தான். இரவில் குழந்தை பிறந்ததும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைத்தார்கள். குழந்தை பிழைத்தது. ஏழு வயதில் அந்தச் சிறுமியால் நடக்கவோ பேசவோ, தானாக உட்காரவோ சாப்பிடவோ முடியவில்லை.

பெற்றோரான மில்லர் தம்பதி வழக்குப் போட்டார்கள். 'மில்லர் எதிர் எச்.சி.ஏ' என்ற அந்த வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 2003 செப்டம்பர் ஆகிவிட்டது. மிகக் குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சையில் முடிவெடுப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வழக்கு வந்துவிடும். 'பெற்றோர் பெரிதா, மருத்துவர் பெரிதா' என்ற பட்டிமன்றமாகத்தான் பெரும்பாலும் வரும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதுவல்ல, நண்பகலுக்கும் இரவு பதினொன்றரைக்கும் இடையில் இருந்த அந்த நேரம். முடிவெடுக்க வாய்ப்பிருந்த ஒரே நேரம் அது. அதில் என்ன நடந்தது, சட்டம் அதை எப்படிப் பார்த்தது என்பதையே இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

அந்த ஒரு நாள்

தாய் குறைமாத வலியோடு சேர்க்கப்பட்டார். ஸ்கேனில் குழந்தையின் எடை ஏறக்குறைய 629 கிராம், வயது 23 வாரம் என்று வந்தது. முதலில் வலியை நிறுத்த மருந்து கொடுத்தார்கள். பிறகுதான் தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அது அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், தேவைப்பட்டால் பிரசவத்தைத் தூண்டியே ஆக வேண்டும் என்ற நிலை.

மகப்பேறு மருத்துவரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் பெற்றோரிடம் பேசினார்கள். குழந்தை உயிரோடு பிறக்க வாய்ப்பு குறைவு, பிறந்தாலும் மூளை ரத்தக்கசிவு, பெருமூளை வாதம், பார்வையிழப்பு, நுரையீரல் நோய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை வரச் சாத்தியம் அதிகம் என்றார்கள். இவ்வளவு சிறிய குழந்தை பிழைத்து அவர்கள் பார்த்ததே இல்லை என்றும், என்ன செய்தாலும் அது குத்துமதிப்பாகத்தான் இருக்கும் என்றும் தங்களிடம் சொன்னதாகத் தந்தை பின்னாளில் சாட்சியம் அளித்தார். நண்பகல் வாக்கில் பெற்றோர் முடிவைச் சொன்னார்கள். பச்சிளங்குழந்தை மருத்துவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். பிரசவத்தின்போது பச்சிளங்குழந்தை மருத்துவர் யாரும் வரத் தேவையில்லை என்று மகப்பேறு மருத்துவர் ஊழியர்களிடம் சொன்னார். தந்தை இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்ய வெளியே போனார்.

அவர் போயிருந்த நேரத்தில் செவிலியர்கள் வழியாக இந்தச் செய்தி மேலே போனது. மதியம் முழுக்க நிர்வாகிகளும் மருத்துவர்களும் கூடிக் கூடிப் பேசினார்கள். மாலை நான்கு, நான்கரை மணிக்கு, திரும்பி வந்த தந்தையை உட்காரவைத்துப் பேசினார்கள். 500 கிராமுக்கு மேல் எடையுள்ள எந்தக் குழந்தைக்கும் உயிர்மீட்புச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்பது மருத்துவமனை விதி என்று அவரிடம் சொல்லப்பட்டது. இப்படிச் சொன்னதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் இயக்குநரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படி எழுத்தில் இருந்த விதி எதுவும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. எழுத்தில் கிடைத்த ஒரே கொள்கை, இறுதிநிலை நோயில் உயிர்காக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல அனுமதிக்கும் மாநிலத்தின் இயற்கை மரணச் சட்டத்தைப் பற்றியது. அதில் 500 கிராம் என்ற பேச்சே இல்லை. கூட்டத்தில் இருந்த மருத்துவர்களோ வேறுவிதமாகச் சொன்னார்கள். ஒரு பச்சிளங்குழந்தை மருத்துவர் பிரசவ அறையில் இருந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்பதே தாங்கள் ஒத்துக்கொண்டது என்றார்கள்.

அப்புறம் தந்தையிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. இதைத் தடுக்க என்ன வழி என்று கேட்டார். மனைவியை இங்கிருந்து கூட்டிப்போவதுதான் வழி என்று பதில் வந்ததாக அவர் சாட்சியம் சொல்கிறது. தொற்றோடு, எந்த நேரமும் பிரசவம் ஆகலாம் என்று படுத்திருக்கும் ஒரு பெண்ணை எங்கே கூட்டிப்போவது?

மாலையில் பனிக்குடம் உடைந்தது. தாய்க்கு மேலும் சிக்கல் வராமல் இருக்கப் பிரசவத்தை விரைவுபடுத்தினார்கள். 11.30க்குக் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் இருந்த மருத்துவர் மாலைக் கூட்டத்தில் கலந்துகொள்ளாதவர். குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. ஆனால் இதயம் துடித்தது. மூச்சுக்குத் திணறியது, முகத்தைச் சுளித்தது, தானாக அழுதது. அவர் ஆம்பு பையால் காற்றுக் கொடுத்து, குழாய் செருகி, வென்டிலேட்டரில் இணைத்தார். பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 3, ஐந்தாம் நிமிடத்தில் 6. குழந்தை உயிரோடு இருக்கிறது, பிழைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது, இந்த எடையில் பிறந்து நன்றாக வளர்ந்த குழந்தைகளும் உண்டு என்பதே அவர் சொன்ன காரணம். பெற்றோர் இருவரும் அதே அறையில்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

முதல் சில நாட்களுக்குள் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அது சிகிச்சையால் வந்ததா, சிகிச்சையையும் மீறி வந்ததா என்று விசாரணையில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

மூன்று நீதிமன்றங்கள், மூன்று பதில்கள்

பெற்றோர் எந்த மருத்துவர்மீதும் வழக்குப் போடவில்லை. சம்மதம் இல்லாமல் சிகிச்சை கொடுத்தார்கள், கவனக்குறைவாக இருந்தார்கள் என்று மருத்துவமனை மீதும் அதன் தாய் நிறுவனமான எச்.சி.ஏ மீதும்தான் போட்டார்கள். 1998இல் ஜூரி பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவச் செலவுக்கு 2.94 கோடி டாலர், அதற்கு வட்டி 1.75 கோடி, தண்டத் தொகை 1.35 கோடி என்று மொத்தம் 6 கோடி டாலரைத் தாண்டியது.

2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. குணப்படுத்தவே முடியாத இறுதிநிலை நோய் என்று சான்றளிக்கப்பட்ட குழந்தைக்குத்தான் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம், மற்றபடி அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

2003இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றவில்லை, காரணத்தை மாற்றிக்கொண்டது. நீதிபதி கிரெய்க் ஈனாக் எழுதிய தீர்ப்பு அவசரநிலை என்ற ஒரு புள்ளியில் நின்றது. பிறந்த பிறகுதான் குழந்தையைச் சரியாக மதிப்பிட முடியும். ஆகவே பிறக்கும் முன் பெற்றோர் எடுத்த எந்த முடிவும் ஊகத்தின் மேல் கட்டியதே. பிறந்த நொடியில் நிலைமை அவசரநிலை. அப்போது சம்மதம் இல்லாமல் உயிர்காக்கும் சிகிச்சை கொடுத்த மருத்துவர்மீது குற்றம் இல்லை.

முழுதாகப் பதினோரு மணி நேரம் இருந்ததே, நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க அவகாசம் இருந்ததே, இது எப்படி அவசரநிலை ஆகும் என்பதுதான் பெற்றோர் தரப்பின் வலுவான வாதம். தயாராக இருந்த பதில்தான் கிடைத்தது: குழந்தையைப் பார்க்காமல் எதைக் கொண்டு உத்தரவு கேட்பது?

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறக்கும் முன் பேசினால் அது ஊகம். பிறந்த பின் பேச நேரமில்லை. அப்படியானால் பெற்றோர் எப்போதுதான் பேசுவது? நண்பகலில் மருத்துவர்கள் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். பதிமூன்று ஆண்டு கழித்து, அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று தெரிந்தது.

நீதிமன்றத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அழுத குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, கேஸ் ஷீட்டில் நண்பகல் எழுதிய வரியை நினைத்துச் சும்மா நிற்கும்படி ஒரு மருத்துவரிடம் சட்டம் சொல்ல முடியாது. ஸ்கேன் காட்டும் வாரக் கணக்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் தவறலாம். 23 என்று நினைத்தது 25 ஆக இருந்தால் கதையே வேறு. எடையும் தவறலாம். இந்தக் குழந்தையின் விஷயத்தில் மட்டும் 629 என்று சொன்ன ஸ்கேனுக்கும் 615 என்று காட்டிய தராசுக்கும் வித்தியாசம் 14 கிராம்தான். ஊகம் என்று தள்ளப்பட்ட கணிப்பில் எடையாவது ஏறக்குறைய அச்சாகவே இருந்தது.

பார்த்தால் தெரியுமா?

'பார்த்து முடிவு செய்வோம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அழுதால் தெம்பான குழந்தை, துவண்டு கிடந்தால் பலவீனமான குழந்தை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இந்த வயதுக் குழந்தைகளில் பிறந்த முதல் நிமிடத் தோற்றம் பின்னால் வருவதைச் சொல்லுவதில்லை. மெல்பர்னில் ஒரு குழு, 26 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு உயிர்மீட்புச் சிகிச்சை கொடுக்கும் வீடியோக்களை மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டியது. எந்தக் குழந்தை பிழைக்கும் என்று கேட்டது. 2010இல் வெளியான முடிவு: கணிப்புகள் மோசம். மூத்த மருத்துவர்களின் கணிப்பும் தேறவில்லை.

மாறாக, பிறக்கும் முன்பே தெரிந்துவிடும் சில விஷயங்கள் உண்மையில் கணிப்புக்கு உதவுகின்றன. அமெரிக்காவில் 22 முதல் 25 வாரத்தில் பிறந்த 4,446 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வு ஐந்து காரணிகளைச் சொன்னது. வாரம், எடை, ஆணா பெண்ணா, ஒற்றைக் குழந்தையா, குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசியைப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போட்டார்களா. பெண்ணாக இருப்பது ஒன்றே ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதலாகக் கருப்பையில் இருந்ததற்குச் சமம். 100 கிராம் எடை கூடினாலும் அப்படித்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் அந்த 23 வாரப் பெண் குழந்தை தன் வயதுக்கு மோசமான நிலையில் இல்லை. நண்பகலில் பெற்றோர் கேட்ட படமோ முழு இருட்டு. 1990இல் இந்த ஆய்வு இல்லை என்பதால் மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. நுரையீரலை விரியவைக்கும் சர்ஃபக்டன்ட் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததே அதே 1990 ஆகஸ்டில்தான். ஸ்டீராய்டு ஊசியின் பலன் 1972லேயே நியூசிலாந்தில் காட்டப்பட்டிருந்தும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அதைப் பரவலாகப் பரிந்துரைத்தது 1994இல். அவர்கள் முழுக்க மாறிக்கொண்டிருந்த ஒரு துறையின் நடுவில் நின்று, நேற்றுவரை பார்த்ததை வைத்துப் பேசினார்கள்.

'இவ்வளவு சிறிய குழந்தை பிழைத்துப் பார்த்ததில்லை' என்ற வாக்கியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சையே கொடுக்காத இடத்தில் யாரும் பிழைக்க மாட்டார்கள். யாரும் பிழைக்காததால் அடுத்த குழந்தைக்கும் சிகிச்சை கொடுக்க மாட்டார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் 24 மருத்துவமனைகளை ஒப்பிட்டது. 22 வாரக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தீவிர சிகிச்சை தரப்படுகிறது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. பிழைக்கும் விகிதத்தில் இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். 2022இல் வந்த கணக்கு இன்னும் தெளிவு. 2013 முதல் 2018 வரை பிறந்த 22 வாரக் குழந்தைகளில் மொத்தமாகப் பார்த்தால் 10.9 சதவீதம் பிழைத்தன. சிகிச்சை கொடுக்கப்பட்டவற்றில் மட்டும் பார்த்தால் 30 சதவீதம். பெற்றோரிடம் எந்த எண்ணைச் சொல்வது? இரண்டும் உண்மைதான்.

'வேண்டாம்' என்றால் என்ன வேண்டாம்?

நண்பகல் குறிப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நழுவல் அங்கேதான் தொடங்குகிறது. பெற்றோர் சொன்னது, பெரும் முயற்சிகள் வேண்டாம் என்பது. உயிர்மீட்பு, மார்பை அழுத்துதல், உயிர்காக்கும் எந்திரங்கள் ஆகியவையே அதன் பொருள் என்று தான் புரிந்துகொண்டதாகத் தந்தை சொன்னார். அது ஊழியர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, 'பச்சிளங்குழந்தை மருத்துவர் தேவையில்லை' என்று ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல. எந்திரம் வேண்டாம் என்ற குழந்தைக்கும் மருத்துவர் வேண்டும். குளிரில் விறைக்காமல் போர்த்தித் தாயின் நெஞ்சில் வைக்க, வலியோ திணறலோ இருந்தால் தணிக்க, வாரக் கணக்கு தவறியிருந்தால் கண்டுபிடித்துப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்ல, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். 'யாரும் வர வேண்டாம்' என்ற அந்தச் சொல்தான் செவிலியர்களைத் திடுக்கிட வைத்து நிர்வாகம்வரை கொண்டுபோயிருக்கும் என்பது என் ஊகம். 'மருத்துவர் இருப்பார், எந்திரம் வைக்க மாட்டார்' என்று சொல்லியிருந்தால் அந்த மதியம் வேறுமாதிரி போயிருக்கலாம்.

நம் வீட்டுக்காரர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று, 'ரொம்பக் கஷ்டப்படுத்த வேண்டாம் டாக்டர்' என்பார்கள். அதை யாரும் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. குழாயைச் சொல்கிறீர்களா, ஊசியைச் சொல்கிறீர்களா, குழந்தை அழுதால் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வி. மில்லர் தம்பதியிடம் அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டதாகத் தீர்ப்பின் நிகழ்வு விவரத்தில் எங்கும் இல்லை. எல்லாம் நடக்கும்போது அவர்கள் பிரசவ அறையில் பேசாமல் இருந்ததை வைத்து மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். பதினோரு மணி நேரத்துக்கு முன் சொன்னதை, ரத்தமும் அவசரமுமாக இருக்கும் அறையில் நின்று மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும் என்று ஒருவரிடம் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாலையில் மருத்துவமனை செய்தது அதைவிடத் தவறு. ஒப்புதல் படிவத்தை நீட்டினால், மறுக்கும் உரிமை இருக்கிறது என்று பொருள். மறுத்தாலும் செய்வோம் என்றால் படிவம் எதற்கு? சம்மதம் தேவையில்லை என்று நினைத்திருந்தால் அதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும். 'உங்கள் விருப்பம் புரிகிறது, ஆனால் குழந்தை உயிர்ப்போடு பிறந்தால் எங்களால் ஒதுங்கி நிற்க முடியாது, காரணம் இது' என்று சொல்வது கசப்பாக இருந்தாலும் நேர்மை. எழுத்தில் இல்லாத 500 கிராம் விதியைக் காட்டுவதும், மனைவியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதும் நேர்மை ஆகாது.

அந்த நிர்வாகிகளின் பயத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 1982இல் இண்டியானா மாநிலம் புளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோமோடும் உணவுக்குழாய்க் குறைபாடோடும் ஒரு குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் சொன்னார்கள், ஆறு நாளில் குழந்தை இறந்தது. நாடே கொந்தளித்தது. 1984இல் வந்த சட்டத் திருத்தம், மீள முடியாத மயக்கநிலை, மரணத்தைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சை போன்ற சில நிலைகளைத் தவிர மற்றவற்றில் சிகிச்சையைத் தடுப்பதைக் குழந்தைப் புறக்கணிப்பாக வகைப்படுத்தியது. ஊனத்துக்காக ஒரு குழந்தையைச் சாகவிடுவது என்ற அந்தப் பழைய நிழல், 23 வாரக் குழந்தையின் தொட்டிலிலும் விழுந்தது. ஆனால் இரண்டும் வேறு. புளூமிங்டன் குழந்தைக்கு வழக்கமாகச் செய்யும் அறுவை சிகிச்சை ஒன்று போதும் என்ற நிலை. இங்கே சிகிச்சையே நிச்சயமில்லாதது.

வேறொரு வாசல்

நான்சி ரோடன் என்ற சட்டப் பேராசிரியர் 1986இல் மூன்று நாட்டுப் பழக்கங்களை ஒப்பிட்டு எழுதினார். ஸ்வீடனில் புள்ளிவிவரத்தைப் பார்த்து, வாய்ப்பு மிகக் குறைவான குழந்தைகளுக்குச் சிகிச்சையையே தொடங்க மாட்டார்கள். அமெரிக்காவில் சாவு உறுதி என்று தெரியும்வரை நிறுத்த மாட்டார்கள். பிரிட்டனில் தொடங்குவார்கள், ஆனால் போகப் போக அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து, பெற்றோருடன் பேசி, தேவையானால் நிறுத்துவார்கள். அவர் சாய்ந்தது மூன்றாவது பக்கம். நானும்தான்.

மில்லர் வழக்கில் எல்லோரும் பிறந்த நொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெற்றோருக்கு அந்த நொடியில் தொடங்கக் கூடாது, மருத்துவமனைக்கு அந்த நொடியில் தொடங்கியே ஆக வேண்டும், நீதிமன்றத்துக்கு அந்த நொடி அவசரநிலை. ஆனால் உண்மையான தகவல் வந்தது அதற்குப் பின், முதல் சில நாட்களில், மூளையில் ரத்தம் கசிந்தபோது. குறைமாதக் குழந்தைகளில் இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வந்துவிடும். உச்சிக்குழி வழியாகத் தொட்டிலிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம். பிறக்கும் முன் இருந்தது ஊகம் என்றால், கசிவின் அளவைக் காட்டும் அந்தப் படம் ஊகம் இல்லை. அதுவும் முழு நிச்சயம் தராதுதான், ஆனாலும் நீலமாய்த் துவண்டு கிடந்த ஒரு நிமிடத்தைவிட எவ்வளவோ மேல்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும்வரைதான் நிறுத்துவதா என்ற கேள்விக்கு இடம். ஒரு சில வாரத்தில் சொந்தமாக மூச்சுவிடத் தொடங்கிவிட்டால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். வாசல் மூடிவிடுமோ என்ற பயத்தில், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தெரிந்திருக்கக் கூடியதைத் தெரியாமலேயே முடிவெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. டொமினிக் வில்கின்சன் என்ற பச்சிளங்குழந்தை மருத்துவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

தொடங்காமல் இருப்பதும் தொடங்கி நிறுத்துவதும் ஒழுக்க ரீதியில் ஒன்றே என்று மருத்துவ அறவியலில் பலர் சொல்வார்கள். கையால் செய்பவருக்கு அப்படி இருப்பதில்லை. 1994இல் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் 25 வாரத்தில் 780 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் முன்கூட்டியே பெருமுயற்சி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஒரு தோல் மருத்துவரான தந்தை, ஊழியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே இணைப்பைக் கழற்றிக் குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தார். அவர்மீது கொலைக் குற்றத்துக்குக் கீழ்ப்பட்ட மனித உயிர்ப்போக்குக் குற்றம் சுமத்தினார்கள். 1995இல் ஜூரி விடுவித்தது. ஹூஸ்டனிலும் லான்சிங்கிலும் முன்கதை ஒன்றேதான்: கேட்டார்கள், சொன்னார்கள், சொன்னது நடக்கவில்லை. ஒரு தந்தை நீதிமன்றத்துக்குப் போனார், இன்னொருவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

எடைபோடுவது யார்?

ஏழு வயதில் நடக்காத, பேசாத சிறுமி என்று மேலே எழுதினேன். படித்தவுடன் 'இப்படி ஒரு வாழ்க்கையா' என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தத் தோற்றத்தை நம்பலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கனடாவின் ஆண்டாரியோவில் சரோஜ் சைகல் குழுவினர், ஊனத்தோடு கூடிய பல வாழ்க்கை நிலைகளை விவரித்து மருத்துவர்கள், செவிலியர்கள், குறைமாதத்தில் பிறந்து வளர்ந்த பதின்ம வயதினர், அவர்களின் பெற்றோர் ஆகியோரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். 1999இல் வெளியானது. கடும் ஊனமுள்ள நிலைகளை மருத்துவமனைக்காரர்கள்தான் மிகக் கீழே வைத்தார்கள். வாழ்ந்தவர்களும் வளர்த்தவர்களும் அவ்வளவு கீழே வைக்கவில்லை. மொன்ட்ரியாலைச் சேர்ந்த ஆனி ஜான்வியே என்ற மருத்துவர் இன்னொன்றைக் காட்டினார். பிழைக்கும் வாய்ப்பும் ஊன வாய்ப்பும் ஒன்றாகவே இருந்தாலும், பெரிய குழந்தைக்கோ பெரியவருக்கோ கொடுக்க நினைக்கும் சிகிச்சையை அப்போதுதான் பிறந்த குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். அவரே 24 வாரத்தில் ஒரு மகளைப் பெற்ற தாய்.

இது பெற்றோரின் 'வேண்டாம்' என்ற சொல்லைத் தள்ளிவிட ஒரு காரணமாகாது. அந்தச் சொல்லுக்கு முன் அவர்களுக்கு என்ன காட்டப்பட்டது என்பதைத்தான் இது கேட்கிறது. நண்பகல் உரையாடலில் வந்ததாகப் பதிவில் உள்ளவை எல்லாம் நோய்ப் பெயர்கள்.

2019இல் பிரிட்டனின் பிறப்புசார் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்தை மட்டும் பார்ப்பதை விட்டது. சாவதற்கோ கடும் ஊனத்தோடு பிழைப்பதற்கோ உள்ள ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் என்றால் பொதுவாக வலிதணிப்புப் பராமரிப்பு, 50க்குக் கீழ் என்றால் தீவிர சிகிச்சை, நடுவில் இருந்தால் பெற்றோரின் விருப்பமே வழிகாட்டி என்று பிரிக்கிறது. பாதகமான காரணிகள் இல்லாத 23 வாரக் குழந்தை பொதுவாக நடுப் பிரிவில் வரும். அதாவது இன்று, அந்த நாட்டில், மில்லர் தம்பதியின் பதில்தான் முடிவாக இருக்கும். அதற்கு முன் நடக்கும் பேச்சு நீளமாக இருக்கும், ஒருமுறையோடு முடியாது, வலி நின்றாலோ ஒரு வாரம் கடந்தாலோ கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் எதிர்பார்க்கிறது.

அந்த மாலை நான்கரை மணிக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் என்ன எழுதச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். படிவம் எதுவும் வேண்டாம், கேஸ் ஷீட்டில் நண்பகல் குறிப்புக்குக் கீழே சில வரிகள் போதும். பிரசவ அறையில் யார் இருப்பார், அவர் இப்போதே வந்து பெற்றோரைப் பார்த்தாரா. குழந்தை அழுதால் என்ன செய்வோம், அழாவிட்டால் என்ன செய்வோம், இரண்டையும் பெற்றோர் கேட்டார்களா. தொடங்கினால் எந்த நாளில் தலை ஸ்கேன். அந்த ஸ்கேன் வந்த அன்று, எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் யார் மறுபடி உட்காருவோம்.